கால் மாற்றி நடந்த மலை

பாக்கியம் முதல் வளைவில் என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். கையில் சோற்றுத் தூக்கு. காலில் செருப்பு கிடையாது. எனக்கும் கிடையாது. தண்ணீர்மலைத் தோட்டத்தை விட்டுக் கொடிமலைப் பாதை ஏறத் தொடங்கும் இடம் அது. சித்திரை மாதம், பௌர்ணமி நாள். காலை ஏழு மணிக்கே கழுத்தில் வேர்வை இறங்கியது.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தைந்து நாள்.

அவள் என் காலைப் பார்த்தபடி நடந்தாள். நான் வலது காலை வைக்கும்போது அவளும் வலது. இடது வைத்தால் இடது. பத்தடி அப்படி வந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்து, ஒரு சின்னத் தத்தல் தத்தித் தன் நடையைத் திருத்திக்கொண்டாள். இன்னும் பத்தடி. மறுபடி என் முகம். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை அவள் திருத்தவில்லை. பின்னால் தங்கிவிட்டாள்.

களைப்பா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் மேலே நடந்தேன்.

அன்று மலை இறங்கி வரும்போது, அவள் என்னோடு இருக்கப்போகிறாளா, போகப்போகிறாளா என்று சொல்லியாக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

அண்ணன் சொன்னது

பாக்கியத்துக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், மாணிக்கம். எங்கள் தீவுக்கு எதிரே, கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேரும் பால் வெட்டினார்கள். கல்யாணத்தைப் பேசி முடித்தவர் வேலாயுதம் அண்ணன். அவரும் நானும் கொடிமலையில் டோலி தூக்கினோம். ஒரே கழிக்குத் தோள் கொடுத்தவர்கள். பையன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான் என்று சொல்லிப் பெண் கேட்டார். பேசவும் மாட்டான் என்பதை அவர் சொல்லவில்லை.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மறுநாள் மாணிக்கம் எங்களைக் கொண்டுவந்து விட்டார். அவர் திரும்பிப் போகும்போது படகுத்துறை வரை நாங்களும் போனோம். நான் வெற்றிலை வாங்கத் தள்ளிப் போயிருந்தேன். வந்தபோது, அரிசிச் சாக்கு அடுக்குக்கு அந்தப் பக்கம் அவர் தங்கையிடம் பேசுவது காதில் விழுந்தது.

"சித்ரா பௌர்ணமிக்கு வரேன். மனசு ஒட்டலன்னா சொல்லிடு. பெட்டியக் கட்டித் தூக்கிட்டுப் போயிடலாம். ஊர் பேசறத நான் பாத்துக்கறேன்."

அவள் சரி என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு ஒரு தங்கை இருந்து, என்னைப் போல ஒருவனுக்குக் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெற்றிலையை இரண்டு பேருக்கும் கொடுத்தேன். படகு போனது. வீட்டுக்கு வந்தோம்.

வீடு என்றால் அடிவாரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒற்றை அறை. பக்கத்தில் ஓடை. அவள் நன்றாகச் சமைத்தாள். நெத்திலிச் சம்பல் வைத்தால் இன்னொரு தட்டுச் சோறு இறங்கும். உப்பு போதுமா என்பாள். "ஆ" என்பேன். காரம் கூடிப்போச்சா என்பாள். அதற்கும் "ஆ" என்பேன். மறுநாள் காரத்தைக் குறைப்பாள். எனக்குக் காரம்தான் பிடிக்கும். அதை நான் சொன்னதில்லை. குறைந்த காரத்தையும் சாப்பிட்டு எழுந்தேன்.

நாள் குறைந்துகொண்டே வந்தது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாரம் தூக்கச் சொன்னால் தூக்குவேன். இது அப்படியான வேலை இல்லை.

பின்னாள்

அந்த "ஆ" எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

டோலி பற்றிப் போன இதழில் எழுதினேன். அதைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. அப்போது மலைக்கு ரயில் வரவில்லை. உச்சியில் பங்களா வைத்திருந்த துரைமார்கள் வெயில் காலத்தில் குளிர் தேடி மேலே போவார்கள். பிரம்பு நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கழி. ஒவ்வொரு கழிக்கும் முன்னால் ஓர் ஆள், அவன் முன்னாள்; பின்னால் ஓர் ஆள், அவன் பின்னாள். தோள் மாற்ற வேறு ஆட்கள் கூடவே வருவார்கள். மூன்று மணி நேர ஏற்றம்.

முன்னாளுக்குப் பாதை தெரியும். பின்னாளுக்கு நாற்காலியின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னாள் சொல்லிக்கொண்டே போவான். கல்லு. வேரு. வழுக்கும். வளைவு. பின்னாள் கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக "ஆ" என்பான். "ஆ" வராவிட்டால் முன்னாள் நின்றுவிட வேண்டும். வேறு பேச்சு கிடையாது. துரை உட்கார்ந்திருக்கும்போது பேசக் கூடாது. பேச மூச்சும் இருக்காது.

வேலாயுதம் அண்ணன் முன்னாள். நான் பின்னாள். எட்டு வருஷம். அத்தனை வருஷத்தில் நான் மலையில் பேசியது அந்த ஒரு சொல்தான். பாதை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நாற்காலியின் பிரம்புப் பின்னல் எத்தனை வரிசை என்று கேட்டால் சொல்வேன்.

ஒரு துரைசானி இருந்தாள். பருத்த உடம்பு, நல்ல மனசு. பாதி வழியில் அவளுக்குக் கோப்பையில் டீ கொடுப்பார்கள். டோலியை நிறுத்தச் சொல்ல மாட்டாள். நாங்கள் ஏற ஏற அவள் குடித்துக்கொண்டே வருவாள். ஒரு சொட்டு அவள் கவுனில் விழுந்ததில்லை. எப்படி என்று அவள் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

சித்ரா பௌர்ணமியன்று டோலி கிடையாது. உச்சியில் முருகனுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. எங்கள் ஆட்கள் அன்று குடும்பத்தோடு ஏறிப் போய்க் கும்பிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தோளில் ஒன்றும் இல்லாமல் நடப்பேன். அன்றைக்கும் தலை குனிந்தே நடந்து பழகிவிட்டது. தோள் சும்மா இருந்தால் எனக்கு நடை பிடிபடாது.

அட்டைக்குச் சுண்ணாம்பு

பாக்கியத்துக்கு மலை புதிது. ரப்பர் தோட்டத்தில் மரமெல்லாம் வரிசையாக நிற்கும். இங்கே எதுவும் வரிசையில் இல்லை. மூங்கில்கள் உரசிக்கொண்டு, எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போட்டன. பாறைப் பாசியில் தண்ணீர் கசிந்தது. சில்வண்டுகள் ஒன்றாகக் கத்தின, ஒன்றாக நிறுத்தின.

அவள் பின்னால் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பூவைப் பாருங்கள் என்றாள். "ஆ" என்றேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட கறுங்குரங்கு ஒன்று கிளையில் குட்டியோடு இருந்தது. குட்டி மஞ்சள் நிறம். அது அதனுடைய குட்டிதானா, நிறமே வேறாக இருக்கிறதே என்றாள். "ஆ" என்றேன். இன்னும் மேலே ஒரு செடி. இலை நுனியெல்லாம் சின்னக் குடமாகத் தொங்கும். மலாய்க்காரர்கள் அதைக் குரங்குப் பானை என்பார்கள். அவள் ஒரு குடத்தில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டாள்.

"ஆ" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் எதையும் காட்டவில்லை.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் குதிகாலில் இரத்தம் வழிந்தது. அட்டை. அவள் கவனிக்கவில்லை. கல்லில் உட்காரச் சொன்னேன். மடியில் வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தது. தொட்டு வைத்தேன். அட்டை சுருண்டு விழுந்தது. புகையிலையை நசுக்கிக் காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்தேன். அட்டைக் கடியில் இரத்தம் லேசில் நிற்காது. அதுவரை அவள் கால் என் கையில் இருந்தது. விடியற்காலைப் பனியில் நடந்து நடந்து வெடித்த கால்.

"உங்களுக்கு வாயில வார்த்தையே கிடையாதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

அடுத்த வார்த்தைக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. இரத்தம் நின்றது. எழுந்து நடந்தோம்.

பாதி வழித் தொட்டி

பாதி வழியில் ஓர் ஊற்று உண்டு. கல் தொட்டி கட்டியிருப்பார்கள். அந்த வருஷம் மழை தள்ளிப்போய் உச்சியில் கிணறு வற்றியிருந்தது. பூசைக்கும் பானகத்துக்கும் தண்ணீர் இந்தத் தொட்டியிலிருந்துதான் போக வேண்டும். பித்தளை அண்டாவைக் கயிற்றில் கட்டிக் கழியில் தொங்கவிட்டு இரண்டு பேர் தூக்குவது. சாமிக்குப் போகிற தண்ணீர் என்பதால் வழியில் தரையில் வைக்கக் கூடாது. சோடிக்கு ஓர் அண்டா என்று முதல் நாளே பேசியிருந்தோம்.

வேலாயுதம் அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து தொட்டிக் கரையில் உட்கார்ந்திருந்தார். பாசியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. துரைமாரைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளும் வழுக்காத கால், சும்மா வந்த அன்றைக்கு வழுக்கிவிட்டது என்று தானே சிரித்துக்கொண்டார்.

மற்ற சோடிகள் போய்விட்டன. எங்கள் அண்டா தொட்டி விளிம்பில் நிறைந்து நின்றது. பூசை உச்சிப் பொழுதில். நான் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் தூக்கறேன்" என்றாள் பாக்கியம்.

இது டோலிக்காரன் வேலை, தங்கச்சி என்றார் அவர். தோட்டத்தில் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டி ஒற்றைத் தோளில் கொட்டகை வரைக்கும் தூக்கியவள் நான், இதில் பாதிதானே எனக்கு என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆ" என்றேன்.

ஏற்றத்தில் பாரம் பின்னாளுக்குத்தான் இறங்கும். அதனால் அவளை முன்னால் விட்டேன். கழியைத் தோளில் ஏற்றினோம். நாலடி வைத்தோம். தண்ணீர் துள்ளி என் மார்பில் விழுந்தது. இன்னும் நாலடி. இன்னொரு வீச்சு. முகத்தில். அவள் என் கால் சத்தத்தைக் கேட்டு ஏதோ திருத்துகிறாள். உடனே எனக்கும் ஏதோ தட்டுகிறது. அண்டா ஊஞ்சலாக ஆடுகிறது.

வேலாயுதம் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, அவன் காலோட உன் காலைச் சேக்காதே. அவன் வலது வச்சா நீ இடது வை. சேந்து வச்சா கொட்டும் லா."

அவள் நின்றாள். கழி தோளில் இருக்க, தலையை மட்டும் திருப்பினாள்.

"அதனாலதானா?"

"எது?" என்றேன்.

"கீழேர்ந்து நான் காலைச் சேக்கச் சேக்க நீங்க மாத்திக்கிட்டே வந்தீங்களே."

"மாத்தினேனா?"

உண்மையாகவே எனக்குத் தெரியாது.

வேலாயுதம் அண்ணன் வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாசாருக்குச் சாமான் வாங்கச் சேர்ந்து போனாலும் இவன் அப்படித்தான் வருவான், நானும் அப்படித்தான், ஒருத்தன் மாற்ற இன்னொருத்தன் மாற்ற, குடித்திருக்கிறோம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என்றார்.

விஷயம் இதுதான். தூக்குகிற இரண்டு பேரும் ஒரே காலை வைத்தால் நாற்காலி குதிக்கும். ஒருவன் வலது, மற்றவன் இடது என்று வைத்தால் மிதக்கும். துரைசானியின் டீ சிந்தாததற்கு அதுதான் காரணம். வேலை பழகும்போது கால் சேர்ந்தால் கெண்டைக்காலில் பிரம்படி விழும். ஆறு மாதத்தில் கால் தானாகப் படித்துவிடும். பிறகு பக்கத்தில் யார் கால் சேர்ந்தாலும் என் கால் தன்பாட்டில் விலகிக்கொள்ளும். என்னைக் கேட்காது.

அவள் சிரித்தாள். இருபத்தைந்து நாளில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். கழி குலுங்கி இன்னும் கொஞ்சம் தண்ணீர் என் மேல் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

அக்கரை

அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. தொட்டியில் வேலாயுதம் அண்ணன் சொன்னதை ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். என் கால் ஊன்றும் சத்தத்தைக் கேட்டு அடுத்ததை வைத்தாள். அண்டா அசையாமல் வந்தது.

முன்னால் போகிறவர் சொல்ல வேண்டும் என்றேன். என்ன என்று கேட்டாள். வழியில் இருப்பதை என்றேன்.

"கல்லு" என்றாள்.

"ஆ" என்றேன்.

"வேரு."

"ஆ."

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. நான் ஏன் "ஆ" சொல்கிறேன் என்பதும்தான். வேண்டுமென்றே பூ என்று சொல்லி "ஆ" வாங்கினாள். குரங்கு என்று சொல்லி வாங்கினாள். எதிரில் குரங்கே இல்லை.

பிறகு, திரும்பிப் பார்க்காமல், தன் கதையைச் சொன்னாள். தோட்டத்தில் விடியும் முன்பே பால் வெட்டப் போக வேண்டும். சின்ன வயதில் அவளுக்கு அந்தக் கருக்கல் பயம். அண்ணன் முன்னால் போவார். அவர் கால் சத்தமும் தன் கால் சத்தமும் ஒன்றாகக் கேட்டால் பயம் இருக்காதாம். அப்படியே பழகிவிட்டது என்றாள். காலையில் என் பக்கத்தில் வந்து அதைத்தான் செய்து பார்த்தாள். நான் விலகிக்கொண்டே போனதும், இந்த ஆளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டாளாம்.

சொன்னவள் கழிக்கு முன்னால் இருந்தாள். கேட்டவன் பின்னால் இருந்தேன். எங்கள் நடுவில் அண்டா. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மரங்கள் விலகுகிற ஒரு வளைவு உண்டு. அங்கே காற்று வேறு. சில்லென்று முழங்கை ரோமம் நிற்கும். கீழே பட்டணம், கூரையாகக் கிடக்கும். அதைத் தாண்டிக் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் நீளமாகப் பச்சை.

"அக்கரை" என்றாள்.

எனக்கு "ஆ" வரவில்லை.

முறைப்படி அவள் நின்றாள். அந்தப் பச்சையைப் பார்த்தபடி, தாசேக் கெலுகோர் அந்தப் பக்கம்தானே என்றாள். ஆமாம் என்றேன். இன்றைக்கு அண்ணன் வருவார் என்றாள். தெரியும் என்றேன். அவள் தோள் ஒரு தடவை அசைந்தது. எதற்கு வருகிறார் என்று தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாமித் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு அதிக நேரம் நிற்க முடியாது.

"வளைவு" என்றாள்.

"ஆ."

இறக்கம்

பூசை நன்றாக நடந்தது. பானகத்தில் வெல்லம் தூக்கல். பாக்கியத்துக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. அப்படியொரு குளிரை அவள் பார்த்தது அன்றுதான். என் துண்டு நனைந்திருந்தது. யாரிடமோ காய்ந்த துண்டு ஒன்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

கீழே இருப்பவர்களுக்கென்று அரை அண்டா பானகம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு இறங்கினோம். இறக்கத்தில் பாரம் முன்னாளுக்கு வரும். அதனால் நான் முன்னால். அவள் பின்னால்.

நாலைந்து அடி இறங்கியிருப்போம். கல்லில் அவள் கட்டைவிரல் இடித்தது.

"முன்னால போறவர் சொல்லணும்ல?" என்றாள்.

எட்டு வருஷத்தில் நான் முன்னாளாக நடந்ததே இல்லை. சொல்ல வேண்டும் என்பது எனக்கு நினைவில்லை. சொல்லத் தொடங்கினேன். கல்லு என்றேன். "ஆ" என்றாள். வேரு என்றேன். "ஆ." அன்று இறங்கும்போது பேசிய அளவுக்கு அதற்கு முன் ஒரு வருஷத்தில் பேசியிருக்க மாட்டேன். பாதி வழித் தொட்டியில் வேலாயுதம் அண்ணன் இல்லை. ஒரு கம்பை ஊன்றி முன்பே இறங்கிவிட்டிருந்தார். யாரும் இல்லாததால் இன்னும் கொஞ்சம் வந்தது. குரங்குப் பானைக்குள் மழைத் தண்ணீரோடு அதுவே ஊறும் தண்ணீரும் உண்டு என்றேன். "ஆ" என்றாள். எனக்குக் காரம் பிடிக்கும் என்றேன். அதற்குக் கொஞ்சம் பொறுத்து "ஆ" வந்தது.

மூங்கில் காட்டுக்குள் வந்துவிட்டோம். அடிவாரத்து ஓடைச் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு வளைவுதான்.

"கல்லு."

"ஆ."

"வழுக்கும்."

"ஆ."

"இருந்துடு."

பின்னால் சத்தம் இல்லை. "ஆ" வரவில்லை என்றால் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. நின்றால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். காலை மட்டும் வைத்துக்கொண்டே போனேன். என் வலதுக்கு அவள் இடது. என் இடதுக்கு அவள் வலது. அது தப்பவில்லை. அண்டா ஆடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே ஒரு வளைவு இறங்கினேன்.

"ஆ" என்றாள்.

கயிறு

அடிவாரத்தில் வேலாயுதம் அண்ணனும் மாணிக்கமும் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கத்தின் தோளில் புதுக் கயிறு ஒரு சுற்று. எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அண்டாவை இறக்கினோம். பாக்கியம் அண்ணனுக்குப் பானகம் மொண்டு கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எனக்குக் கேட்டது.

"என்னம்மா, வர்றப்பவே பாத்தேன். நீ ஒரு கால் வைக்கிறே, அவரு ஒரு கால் வைக்கிறாரு. ரெண்டு பேரும் ஒத்து நடக்கலையே."

"ஒத்து நடந்தா கொட்டிடும்ணே" என்றாள்.

மாணிக்கம் என்னைப் பார்த்தார். பிறகு வேலாயுதம் அண்ணனைப் பார்த்தார். அவர் தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று பாக்கியம் அண்ணனைக் கேட்டாள். அவர் அப்போதுதான் குடித்தார்.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தங்கினார். சம்பலில் காரம் சரியாக இருந்தது. மாணிக்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் படகில் போனார். கயிறு நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பாக்கியம் வாங்கி வைத்துக்கொண்டாள். கதவுத் தூணுக்கும் வெளியே நின்ற கொய்யா மரத்துக்கும் நடுவே அதைக் கட்டினேன். துணி காயப் போட்டோம்.

நல்ல கயிறு. ரயில் வந்து டோலி நின்ற பிறகும் இருந்தது.